சேர்வராயன் ஏறிய கம்பி

ஜீப்புக்கு அடியில் மல்லாக்கப் படுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கம்பியைத் தெரியும். முன்சக்கரங்களுக்கு நடுவே, குறுக்காக, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓடி, இரண்டு முனையிலும் மடங்கி, ஆளுக்கொரு சிறிய இணைப்புத் தண்டின் வழியாகச் சக்கரப் பக்கம் போய்ப் பிடித்திருக்கும். கட்டைவிரல் பருமன், சில வண்டிகளில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். சேறு அப்பி, துருவும் கறுப்புப் பெயின்டும் கலந்து, யாரும் திரும்பிப் பார்க்காத கோலத்தில் கிடக்கும். அது சுற்றுவதில்லை, எண்ணெய் கேட்பதில்லை, சூடாவதுமில்லை. பிடித்திருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்துவிட்டால் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது டக் டக் என்று தன் இருப்பைச் சொல்லும். சேலம் பட்டறைகளில் ஸ்டெபிலைசர் ராடு என்பார்கள். அவசரத்தில் வெறும் ராடு.

அதன் வேலை ஒன்றே ஒன்று. வண்டி வளைவில் திரும்பும்போது உடல் வெளிப்பக்கம் சாயும். அந்தப் பக்கத்து ஸ்பிரிங் அமுங்கும், உள்பக்கத்து ஸ்பிரிங் விரியும். ஒரு முனை மேலே போக, மறுமுனை கீழே வர, நடுவில் இருக்கும் கம்பி முறுக்கிக்கொள்கிறது. முறுக்கிய எஃகு பழைய நிலைக்குத் திரும்பத்தான் பார்க்கும். அந்தத் திமிறல்தான் சாய்வைக் குறைக்கிறது. இரண்டு சக்கரமும் ஒன்றாக மேட்டில் ஏறி ஒன்றாக இறங்கினால் கம்பி சும்மா புரண்டு கொடுக்கும். அதற்கு வேலையே இல்லை. இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே அதன் சோறு.

இந்தச் சமாசாரத்துக்கு முதல் காப்புரிமை வாங்கியவர் கனடாக்காரர். நியூ பிரன்சுவிக் மாகாணத்தில் பிரெடரிக்டன் என்ற ஊரைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் என்பவருக்கு 1919 ஏப்ரல் 22 அன்று அது கிடைத்தது. கிடைத்தும் பெரிய தேவை இருக்கவில்லை. அந்தக் காலத்துக் கார்களின் ஸ்பிரிங்குகள் கட்டை மாதிரி விறைப்பானவை. உள்ளே உட்கார்ந்தவரின் எலும்பு குலுங்கியதே தவிர வண்டி சாயவில்லை. முன்சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும் அமைப்பு வந்து, ஸ்பிரிங்குகள் மென்மையான பிறகுதான் கார்கள் வளைவில் கப்பல்போல் ஆடத் தொடங்கின. மென்மையும் வேண்டும், ஆட்டமும் கூடாது என்றபோது கோல்மனின் கம்பியைத் தேடி எடுத்தார்கள்.

முதல் ஜீப்புக்கு அது வரவில்லை. அதில் ஒரு வேடிக்கை உண்டு. 1941இல் அமெரிக்க ராணுவத்துக்காக வில்லிஸ் ஜீப் உருவானபோது அந்தக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக இருந்தவர் பார்னி ரூஸ். அதற்கு முன் ஸ்டூடிபேக்கரில் இருந்தபோது 1935 கார்களுக்கு முன்சக்கரங்களைத் தனித்தனியாகத் தொங்கவிட்ட அமைப்பைச் செய்தவரும் அவர்தான். சாய்வு, ஆட்டம், சொகுசு எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அப்படிப்பட்டவர் ஜீப்புக்கு முன்னும் பின்னும் முழு ஆக்சில், நான்கு மூலையிலும் லீஃப் ஸ்பிரிங் எனும் கமான் பட்டை என்று முடித்துவிட்டார். ராணுவம் கேட்டது உடையாத வண்டி. உடைந்தால் காட்டிலேயே சரிசெய்யக்கூடிய வண்டி. வளைவில் சாயாத வண்டி வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

போர் முடியும் தறுவாயில் வாஷிங்டனில் இந்தியக் கொள்முதல் குழுவின் தலைவராக இருந்த கே.சி. மஹிந்திரா அந்த ரூஸைச் சந்தித்தார் என்று மஹிந்திரா கம்பெனியின் வரலாறு சொல்கிறது. 1945இல் மஹிந்திரா அண்ட் முகமது என்று தொடங்கிய நிறுவனம் 1948இல் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆனது. வில்லிஸ் ஜீப்பின் பாகங்களைப் பெட்டி பெட்டியாகக் கப்பலில் வரவழைத்துப் பம்பாயில் கோத்தார்கள். பிறகு முழுவதும் இங்கேயே செய்தார்கள். சி.ஜே.3பி, எம்.எம்.540, கமாண்டர், மேஜர் என்று பெயர்களும் எஞ்சின்களும் மாறின. அடியில் கமான் பட்டை மட்டும் பத்தாண்டு பத்தாண்டாக அப்படியே இருந்தது.

சேலத்தை ஒட்டி, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு அந்த வண்டிகள் அளவெடுத்துத் தைத்த சட்டை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்து வைத்த நாளிலிருந்து, இந்த மலையின் பிரச்சினை ஒன்றுதான்: விளைந்ததை எப்படி இறக்குவது. குதிரை, தலைச்சுமை, மாட்டு வண்டி, லாரி என்று காலம் நகர்ந்தது. ஆனால் தார் ரோட்டிலிருந்து தோட்டத்துக்குள் போகும் அந்தக் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு லாரியும் உதவாது, காரும் உதவாது. சில்வர் ஓக் மரங்களுக்கும் அவற்றில் ஏறிய மிளகுக் கொடிகளுக்கும் நடுவே, மழை அறுத்த வாய்க்காலும் புடைத்த பாறையுமாகப் போகும் அந்தத் தடத்தில் நாலு சக்கர இழுவை உள்ள ஜீப்தான் போகும். நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மடுவு என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் காப்பி மூட்டையும் ஆட்களுமாக ஒரு பழைய மஹிந்திரா எதிரே வருவதைப் பார்க்கலாம்.

கமான் பட்டை வண்டியில் சாய்வு அவ்வளவாக இல்லை. தடித்த பட்டைகள் பல ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கட்டு அது. எடையைத் தாங்குவதோடு சாய்வையும் ஓரளவு தானே தடுத்துக்கொள்ளும். சாய்வு வருவதெல்லாம் நாமாக இழுத்துவிட்டுக்கொள்வது. சுற்றுலாப் பயணி இடுப்பு வலிக்கிறது என்கிறார் என்று கட்டிலிருந்து இரண்டு பட்டையை உருவிவிடுவார்கள். பார்க்க எடுப்பாக இருக்கட்டும் என்று பட்டையின் முனையைப் பிடிக்கும் ஷேக்கிளை நீட்டி வண்டியைத் தூக்குவார்கள். மேலே இரும்புக் கேரியர் போட்டு அதில் ஸ்டெப்னியையும் ஏற்றுவார்கள். இத்தனையும் செய்துவிட்டு, வண்டி வளைவில் ஆடுகிறது, தடித்த ராடு போட வேண்டும் என்று பட்டறைக்கு வந்து நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு இரக்கம் வருவதில்லை.

என் நண்பரின் கதை வேறு. நாகலூர்ப் பக்கம் சிறு காப்பித் தோட்டம் வைத்திருப்பவர். அவருடையது 2012ஆம் வருடத்து மஹிந்திரா தார், சி.ஆர்.டி.இ. டீசல் எஞ்சின். 2010 அக்டோபரில் வெளிவந்த அந்தத் தாரில்தான் பழைய ஜீப் உருவத்துக்குக் கீழே முன்பக்கம் மாறியது. முன்னால் கமான் பட்டை போய், சக்கரங்கள் தனித்தனியாகத் தொங்கின; டார்ஷன் பார் வந்தது; கூடவே ஸ்டெபிலைசர் ராடும் வந்தது. பின்னால் மட்டும் பழைய கமான் பட்டை தங்கிவிட்டது. முன்பாதி புதுக்காலம், பின்பாதி 1941. இந்த வண்டியை வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் டார்ஷன் பாரையும் ஸ்டெபிலைசர் ராடையும் ஒன்று என்றே நினைத்திருக்கிறார்கள். இரண்டும் முறுக்கலில் வேலை செய்யும் எஃகுக் கம்பிகள்தான். ஆனால் ஒன்று வண்டியின் பாரத்தைச் சுமப்பது. இன்னொன்று ஒரு கிலோகூடச் சுமக்காதது.

பத்து வருடத்துக்கு மேல் மலையிலேயே உழைத்த வண்டி. ரோட்டு வளைவுகளில் முன்பு இல்லாத அளவுக்குச் சாய்கிறது, தடித்த கம்பி போடலாமா என்று அவர் கேட்டதிலிருந்து நானும் அந்தக் கம்பியின் பின்னாலேயே போனேன்.

முதலில் கணக்கு. வட்டக் கம்பியின் முறுக்கு விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் மடியில் ஏறும். 24 மில்லிமீட்டர் கம்பியை எடுத்துவிட்டு 27 போட்டால் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் மூன்று மில்லிமீட்டர், அதாவது எட்டில் ஒரு பங்கு. எடை கால் பங்கு கூடும். விறைப்போ 60 சதவீதம் கூடிவிடும். 30 மில்லிமீட்டர் என்று போனால் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. கடைக்காரர் கையில் கொடுக்கும்போது இதென்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும் கம்பி, வண்டியின் குணத்தையே மாற்றுவது இதனால்தான். மடங்கிய கையின் நீளமும் கணக்கில் வரும்: கை குட்டையானால் விறைப்பு கூடும், நீண்டால் குறையும். சில கம்பிகளின் முனையில் இரண்டு மூன்று துளைகள் இருப்பது அதற்காகத்தான்.

அடுத்தது எஃகு. இந்தக் கம்பிக்கு வேண்டியது ஸ்பிரிங் எஃகு. கரியோடு சிலிக்கனும் மாங்கனீசும் சேர்ந்தது. சேலத்துக்காரர்களுக்கு இதில் ஒரு பழைய உரிமை உண்டு. ஊருக்குத் தென்மேற்கே கஞ்சமலையின் காந்தக்கல் இரும்புத் தாது பெயர் பெற்றது. அதை ஊதுலையில் உருக்கி எடுப்பது இந்த வட்டாரத்தின் பழைய தொழில். கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலராகச் சேலத்தில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் அந்தத் தாதுவை நம்பி 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். ஆலை தழைக்கவில்லை. ஆனால் அதே ஹீத், உருக்கும்போது மாங்கனீசு சேர்த்தால் எஃகு நன்றாக இணங்கிவரும் என்று கண்டு 1839இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். ஷெபீல்டு உற்பத்தியாளர்கள் அதை எடுத்துக்கொண்டு கொழித்தார்கள். ஹீத் உரிமைக்காக வருடக்கணக்கில் வழக்காடி, இறுதித் தீர்ப்பு வருமுன்பே இறந்துபோனார். இன்று அதே சேலம் மாவட்டத்தில், மேச்சேரிக்குப் பக்கத்துப் பொட்டனேரியில், ஜே.எஸ்.டபிள்யூ. ஆலை மோட்டார் வாகனப் பாகங்களுக்கான சிறப்பு எஃகை உருட்டிக்கொண்டிருக்கிறது.

உருட்டி வந்த நேர்க்கம்பி ஸ்டெபிலைசர் ஆவது நெருப்பில். சுமார் 900 டிகிரிக்குச் சூடேற்றி, செந்தணலாக இருக்கும்போதே அச்சில் வைத்து வளைத்து, எண்ணெயில் முக்குவார்கள். அப்போது அது கண்ணாடிபோல் கடினமாகவும் அதேபோல் உடையக்கூடியதாகவும் இருக்கும். மறுபடி மிதமான சூட்டில் வைத்துப் பதப்படுத்தினால்தான் ஸ்பிரிங்கின் குணம் வரும். கடைசியில் பொடி எஃகுக் குண்டுகளை வேகமாக அடித்து மேல்தோலை இறுக்குவார்கள். லட்சக்கணக்கான தடவை முறுக்கிப் பிரியும் கம்பியில் விரிசல் தொடங்குவது மேல்தோலில்தான். அந்தத் தோல் இறுகியிருந்தால் விரிசல் வாய் திறக்காது.

இதைத் தெரிந்துகொண்டு போனால்தான் பட்டறையில் ஏமாறாமல் இருக்கலாம். சேலத்தில் நல்ல கைவேலைக்காரர்கள் நிறைய உண்டு. எதைக் கொடுத்தாலும் அதேபோல் ஒன்று செய்து தருகிறேன் என்பார்கள். நண்பருக்கு நெடுநாள் பழக்கமான மெக்கானிக் ஒருவர், தலை நரைத்தவர், அந்த வகையைச் சேராதவர்.

“தடியா ஒரு கம்பி வாங்கி வளைச்சுக்கலாம்னு ஒருத்தர் சொன்னாருங்ணா,” என்றார் நண்பர்.

“வளைக்கறது என்னங்க தம்பி, காஸ் வெச்சுச் சூடு காட்டுனா ரப்பர் மாதிரி வளையும். அப்புறம் அது ஸ்பிரிங்கா இருக்காது, கம்பியாத்தான் இருக்கும். ஒரு மழைக்காலம் தாங்கும். அப்புறம் வளைவுல படார்னு போயிரும்.”

“வெல்டிங் வெச்சு?”

“வெல்டிங் வெச்ச ராடைப் போட்டுட்டு நீங்க மலை இறங்குறதா இருந்தா, நான் அன்னைக்குக் கடைக்கு லீவு உட்டுர்றேன்.”

பேசிக்கொண்டே அவர் வண்டிக்கு அடியில் போனார். ராடைப் பிடித்து ஆட்டினார். அது தன் பிடிப்புகளுக்குள் தாராளமாக ஆடியது. போல்ட்டைக் கழற்றி, ஒரு புஷ்ஷை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வட்டமாக இருக்க வேண்டிய துளை முட்டை வடிவத்துக்கு இழுபட்டிருந்தது. விரல் நகத்தால் சுரண்டினால் ரப்பர் களிபோல் வந்தது. யாரோ எப்போதோ கீச்சுச் சத்தம் போக சாதாரண கிரீஸைத் தடவியிருக்கிறார்கள். பெட்ரோலியக் கிரீஸ் இயற்கை ரப்பரை ஊதி உளுக்கச் செய்துவிடும். பக்கவாட்டு லிங்க் ஒன்றின் உருண்டை மூட்டு கையாலேயே கடகடத்தது. அதாவது வண்டி சாயத் தொடங்கி, அந்த ஆட்டமெல்லாம் தீர்ந்த பிறகுதான் கம்பி முறுக்கவே ஆரம்பித்திருக்கிறது. கம்பியில் பழுதில்லை, பிடித்தவர்கள் கை தளர்ந்துவிட்டது.

“இதை மாத்துங்க, ஓட்டிப் பாருங்க. அப்புறமும் பத்தலைன்னா ராடு பேசலாம்,” என்றார். தொழில் தெரிந்தவர் தன் வியாபாரத்தைத் தானே குறைத்துக்கொண்டது அன்று எனக்குப் பிடித்திருந்தது.

புஷ்ஷும் லிங்கும் மாற்றியதில் பாதி ஆட்டம் போய்விட்டது. நண்பருக்கு மீதிப் பாதியும் போக வேண்டும். மனித ஆசை. தடித்த கம்பி வாங்கினார். பட்டறையில் வளைத்ததல்ல, முறைப்படி பதப்படுத்தி வந்தது. பாலியுரித்தேன் புஷ், அதற்குரிய சிலிக்கன் கிரீஸ் எல்லாம் கூடவே. பெரியவர் மாட்டும்போது ஒன்றை வலியுறுத்தினார்: லிங்க் போல்ட்டைக் கடைசி இறுக்கு இறுக்கும்போது வண்டி ஜாக்கியில் தொங்கக் கூடாது, நான்கு சக்கரமும் சமதரையில் நின்று பாரம் ஏற்றிருக்க வேண்டும். இல்லையென்றால் புஷ் முறுக்கிய நிலையிலேயே உட்கார்ந்துவிடும்.

பின்பக்கமும் ஒன்று போட்டுவிடலாமே என்று கேட்டதற்கு அவர் தலையை ஆட்டிவிட்டார். காரணத்தை அவர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். கம்பி சாய்வைச் சும்மா அழிப்பதில்லை. உள்பக்கச் சக்கரத்திலிருந்து பாரத்தை எடுத்து வெளிப்பக்கச் சக்கரத்தின் தலையில் வைக்கிறது. முன்னால் விறைப்பைக் கூட்டினால் முன் வெளிச்சக்கரம் முதலில் பிடி இழக்கும்; ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி அகலமாகப் போகப் பார்க்கும். ஓட்டுநருக்குத் தெரியும், காலை எடுப்பார். பின்னால் கூட்டினால் பின்சக்கரம் முதலில் வழுக்கும். காலை எடுத்தால் இன்னும் மோசம், வண்டி பின்புறத்தை வீசும். மூட்டை இறக்கிய வெறும் ஜீப்பின் பின்பக்கம் ஏற்கெனவே இலேசு. சில்வர் ஓக் சருகு ஊறிக் கிடக்கும் ஈர ரோட்டில் அதற்குப் பின் ராடு போடுவது வேண்டாத வேலை.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவுகள். கம்பியின் பெருமையெல்லாம் அங்கேதான் தெரியும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் கொண்டை ஊசியில் கம்பிக்குப் பெரிய வேலை இல்லை. பத்து மீட்டர் ஆரமுள்ள வளைவை மணிக்கு 15 கிலோமீட்டரில் திரும்பும்போது பக்கவாட்டில் தள்ளும் விசை வண்டி எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவே ரோடு வலமும் இடமுமாக நெளியும் இடங்கள் இருக்கின்றனவே, அங்கே நாற்பது மீட்டர் ஆரத்தை 40 கிலோமீட்டர் வேகத்தில் எடுத்தால் அது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஆகிவிடும். அதுவும் வலப்பக்கச் சாய்விலிருந்து உடனே இடப்பக்கச் சாய்வுக்கு வண்டி மாற வேண்டும். தடித்த கம்பி காசுக்கு உழைப்பது அங்கேதான். நண்பரின் வண்டியில் அது கண்கூடாகத் தெரிந்தது. முன்பெல்லாம் பின்னிருக்கையில் உட்கார்ந்தால் கைப்பிடியை விடாமல் வர வேண்டும். புதுக் கம்பிக்குப் பிறகு இறங்கும்போது பேசிக்கொண்டே வரலாம்.

தார் ரோடு முடிந்தது. நாகலூர்ப் பக்கம் தோட்டத் தடத்தில் திரும்பியதும் அதே கம்பி எதிரி ஆனது.

தடத்தில் ஓரிடத்தில் மழைத்தண்ணீர் குறுக்கே வெட்டிய பள்ளம். இடது முன்சக்கரம் அதில் இறங்க வேண்டும், வலது முன்சக்கரம் அதே நேரத்தில் பாறைமேல் ஏற வேண்டும். பழைய தளர்ந்த கம்பியோடு வண்டி அதை உருண்டு கடந்துவிடும். புதுக் கம்பி, இது சாய்வு, இதைத் தடுக்க வேண்டும் என்று முடிவு செய்தது. அதற்கு ரோட்டு வளைவும் தெரியாது, காட்டுப் பள்ளமும் தெரியாது. இடது சக்கரத்தைக் கீழே இறங்கவிடாமல் பிடித்துக்கொண்டது. சக்கரம் தரையிலிருந்து ஒரு சாண் மேலே நின்று சும்மா சுழன்றது. டிபரன்ஷியல் பிடியில்லாத சக்கரத்துக்கே சுழற்சியை அனுப்பும். பின்சக்கரங்கள் தள்ளியதால் ஏறி வந்தோம். வந்த பிறகும் தடம் முழுக்க, ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் அந்தக் குலுக்கல் மறு சக்கரத்துக்கும் போய், உட்கார்ந்திருப்பவர்களின் தலை இடமும் வலமும் வெட்டியது. தோட்டத்து வேலைக்கு ஆள் ஏற்றிச் செல்லும் வண்டி இது. பின்னால் உட்கார்ந்து வரும் பெண்கள் ரோட்டு வளைவைப் பற்றி ஒரு நாளும் குறை சொன்னதில்லை, இதைச் சொன்னார்கள்.

இந்தச் சங்கடம் உலகம் முழுக்க இருப்பதுதான். 2007 மாடல் ஜீப் ராங்ளர் ரூபிகானில் முன் கம்பியை நடுவில் இரண்டாக்கி, பொத்தானை அழுத்தினால் இரண்டு பாதியும் தொடர்பறும்படி செய்தார்கள். வேகம் கூடினால் தானே மறுபடி சேர்ந்துகொள்ளும். டொயோட்டா, ஆஸ்திரேலியாவின் கைனடிக் கம்பெனி கண்டுபிடித்த முறையை எடுத்து, முன் கம்பியையும் பின் கம்பியையும் எண்ணெய்க் குழாய்களால் இணைத்தது. ரோட்டுச் சாய்வா, காட்டு மேடுபள்ளமா என்று அந்த எண்ணெய் அழுத்தமே பிரித்தறிந்து, முதலாவதில் கம்பியை இறுக்கி இரண்டாவதில் விட்டுவிடும். 2020இல் வந்த புதுத் தாரில் முன்னும் பின்னும் காயில் ஸ்பிரிங். ஸ்டெபிலைசரும் இரண்டு பக்கமும் வந்துவிட்டது. பழைய வண்டிக்காரருக்கு இதெல்லாம் எட்டாது. அவருக்கு எட்டுவது கையால் கழற்றிவிடக்கூடிய லிங்க். இரண்டு பின்னை உருவினால் கம்பி தொடர்பறுந்து தொங்கும். அதை மேலே தூக்கிக் கட்டிவிட்டால் சக்கரங்கள் இஷ்டம்போல் ஏறி இறங்கும். ரோட்டுக்குத் திரும்பும் முன் மாட்டிவிட வேண்டும். மறந்தால் மலை இறங்கும்போது முதல் நெளிவிலேயே வண்டி நினைவுபடுத்தும். அது விரும்பத்தக்க நினைவூட்டல் அல்ல.

நண்பர் அந்த லிங்கைப் போட்டுக்கொண்டார். தோட்டத்து கேட் தாண்டும் முன் இறங்கி, குனிந்து, பின்னை உருவுவது அவருக்குப் பழகிவிட்டது. ஒரு சுத்தியல், ஒரு பழந்துணி, கட்டுவதற்கு ஒரு வார் எப்போதும் ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே கிடக்கும். சோம்பேறிகளுக்கு இந்த ஏற்பாடு ஒத்துவராது. அவர்களுக்குக் கம்பெனிக் கம்பியும் நல்ல புஷ்ஷுமே போதும்; இதை நான் கேலியாகச் சொல்லவில்லை.

கம்பி சேர்வராயன் கோயிலுக்கும் போனது. ஏற்காடு ஏரியிலிருந்து சில கிலோமீட்டர்தான். மலையின் உச்சி, கடல் மட்டத்துக்கு மேல் 1,623 மீட்டர். மேலே போனால் சிகரம்போல் கூராக இல்லை, மைதானம்போல் பரந்த புல்வெளி. அதன் ஓரத்தில் குகைக்கோயில். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். மே மாதத் திருவிழாவுக்கு மலையாளிப் பழங்குடி மக்கள் சுற்றுக் கிராமங்களிலிருந்து திரண்டு வருவார்கள். பல ஊர்க்காரர்கள் வாகனங்களில் நெருக்கியடித்து வருவார்கள். அந்த நாட்களில் ஜீப்புகளைப் பார்த்தால் ஸ்டெபிலைசர் பற்றிய என் பாடமெல்லாம் வீண் என்று தோன்றும். உள்ளே இருக்கும் ஆட்கள் போதாதென்று பின்படியிலும் ஆள் நிற்கிறார். பாரம் மேலே ஏற ஏற வண்டியின் புவியீர்ப்பு மையமும் மேலே போகிறது. அதைக் கீழே கொண்டுவரும் கம்பி எந்தக் கடையிலும் விற்பதில்லை. சாய்வைக் கம்பி குறைக்கும். வண்டி கவிழும் எல்லையை அது பெரிதாக நகர்த்துவதில்லை. அதைத் தீர்மானிப்பவை சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலமும் பாரம் இருக்கும் உயரமும். தடித்த கம்பி போட்ட வண்டி கடைசிவரை நிமிர்ந்தே நிற்பதால், எல்லை நெருங்கியதை ஓட்டுநருக்குச் சொல்லாமல் விட்டுவிடும் ஆபத்தும் உண்டு.

சட்டப் பக்கம் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. உயரம் தூக்குவது, பாடி மாற்றுவது, அகலச் சக்கரம் போடுவது எல்லாம் எஃப்.சி.யில் மாட்டிவிடும். எதையும் மாற்றுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது.

கழற்றிய பழைய கம்பி என்ன ஆனது என்று கேட்க வேண்டுமே. காயலான் கடைக்குப் போட்டால் கிலோ கணக்கில்தான் எடுப்பார்கள். பெரியவர் அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். நல்ல ஸ்பிரிங் எஃகு வீணாவதில்லை. லாரிப் பட்டையிலும் ஸ்டெபிலைசர் ராடிலும் அரிவாளும் உளியும் கடப்பாரையும் அடிக்கும் கொல்லர்கள் தமிழ்நாட்டில் எங்கும் உண்டு. அடுத்த முறை போனபோது அதில் ஒரு பாதி, முனை தட்டிய குத்துக்கடப்பாரையாகப் பட்டறைச் சுவரில் சாய்ந்திருந்தது. டயர் பீடு உடைக்க வசதி என்றார். மறுபாதியை ஒரு தோட்டக்காரர் கவாத்துக் கத்தி அடிக்கக் கேட்டு வாங்கிப் போய்விட்டாராம்.

பழைய நாலு சக்கர இழுவை வண்டி வைத்திருக்கும் நண்பர்களுக்குச் சொல்கிறேன். முதலில் புஷ்ஷும் லிங்கும். அதன் பிறகு ஷாக் அப்சர்வரும் டயர் காற்றும். மேலே ஏற்றிய கேரியரை இறக்குங்கள். பட்டை உருவியிருந்தால் திரும்பப் போடுங்கள். இவ்வளவும் செய்து இன்னும் ஆட்டம் இருந்தால் முன்பக்கம் மட்டும், ஓரளவே தடித்த, முறையாகப் பதப்படுத்திய கம்பி. தோட்டத் தடத்தில் ஓட்டுபவர் கழற்றும் லிங்கோடு போடுங்கள். பின்பக்கத்தைத் தொடாதீர்கள். புதுக் கம்பி போட்ட வாரத்தில் எல்லோருக்கும் வேகம் கொஞ்சம் கூடிவிடுகிறது; நண்பருக்கும் கூடியது. ஏற்காடு ரோட்டில் கீழே இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு நின்று வழிவிட வேண்டும். அது மரியாதை மட்டுமல்ல, 2017 ஓட்டுநர் விதிமுறைகளிலும் உள்ளது. கம்பி எவ்வளவு தடிப்பானாலும், கொண்டை ஊசி முனையில் பேருந்து ஏறி வருவதைக் கண்டால் தயவுசெய்து நின்று விடுங்கள்.